ஏழாம் இலக்கத்தின் ஊர்

எனக்குப் பாட்டு வராது. கோயிலில் தேவாரம் பாடத் தொடங்கினால் பக்கத்தில் நிற்பவர் மெல்ல ஓரடி தள்ளி நிற்பார். வீட்டில் நான் முணுமுணுத்தால் மனைவி குசினியில் இருந்தே "என்னப்பா, எங்கயாவது நோகுதோ?" என்று கேட்பாள். இது நான் மறைக்கிற விடயமில்லை. இந்தக் குறைதான் எனக்கு ஒரு வேலையையே வாங்கித் தந்தது.

போன மாதம் தர்சினி தொலைபேசியில் அழைத்தாள். என்னோடு கடைசி வருடங்களில் படிப்பித்த இளம் ஆசிரியை அவள். "சேர், இந்த முறை சேர்ந்திசைப் போட்டியை எங்கட தலையில கட்டிப்போட்டினம். நீங்கள் எவ்வளவு காலம் நிண்டு நடத்தினனீங்கள். என்ன செய்ய வேணும், என்ன செய்யக்கூடாது எண்டு ஒருக்கா எழுதித் தாங்கோவன்" என்றாள்.

"நடத்தினது நானில்லைப் பிள்ளை. நான் கதவு திறந்துவிட்ட ஆள்" என்றேன்.

"அப்ப கதவு திறக்கிறதைப் பற்றி எழுதுங்கோ."

வாயாடி. ஆனாலும் எழுத உட்கார்ந்துவிட்டேன். ஓய்வுபெற்றவனுக்கு யாராவது ஒரு வேலை சொன்னால் மறுக்க மனம் வருவதில்லை.

நான் விஞ்ஞான ஆசிரியன். பயிற்சிக் கலாசாலை, பிறகு மலைநாட்டில் ஒரு தோட்டப் பாடசாலை, பிறகு பிரச்சினைக் காலத்தில் போட்ட இடமெல்லாம், கடைசியில் சொந்த ஊரான திருகோணமலை. என் வயதுக்காரர் எல்லாரும் வந்த வழிதான் அது. லிங்கநகரில் வீடு, துறைமுகத்தை அண்டிய பாடசாலையில் வேலை, சைக்கிளில் போய்வரும் தூரம். ஒரு இடமாற்றக் கடிதமும் தேடி வராமல் அங்கேயே ஓய்வுபெறும் வரை இருந்துவிட்டேன்.

எங்கள் பாடசாலையின் மண்டபம் பெரியது. ஆகவே மாவட்டத்துச் சேர்ந்திசைப் போட்டி அநேகமாக எங்களிடம்தான் வரும். உப அதிபர் இன்பராணி மிஸ் அதன் பொறுப்பாளர். நான் அங்கே சேர்ந்த புதிதில் ஒருநாள் ஆசிரியர் அறைக்குள் வந்து, "இதில ஆருக்குப் பாட்டே தெரியாது?" என்று கேட்டார். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும் என்று இழுத்தார்கள். நான் கையை உயர்த்தினேன். அந்தச் சனிக்கிழமை வீட்டு மதிலுக்குச் சுண்ணாம்பு அடிக்கும்படி மனைவி சொல்லியிருந்தாள் என்பதும் ஒரு காரணம்.

"நல்லது. காத்திருக்கிற அறைக்கு நீங்கள்தான் சேர்" என்றார்.

பாட்டுத் தெரியாதவனை ஏன் தேடினார் என்று பிறகு கேட்டேன். "பாட்டுத் தெரிஞ்ச ஆளின்ர முகமே மார்க் போடும். மேடைக்குப் போக முதல் பிள்ளையள் அதைப் பார்த்திட்டுப் பயந்துபோகும். உங்கட முகத்தில ஒண்டும் தெரியாது" என்றார். அதைப் புகழ்ச்சியாக எடுத்துக்கொண்டேன்.

இன்பராணி மிஸ்ஸைப் பற்றிக் கொஞ்சம் சொல்லத்தான் வேண்டும். கட்டையான உருவம். சேலைத் தலைப்பு எப்போதும் ஊசி குத்தி இறுக்கியிருக்கும். போட்டி நாளில் அவர் கதிரையில் இருந்து நான் கண்டதில்லை. வெறுந்தேநீரைக்கூட நின்றபடிதான் குடிப்பார். கோபம் வந்தால் மற்றவர்களுக்குக் குரல் ஏறும், அவருக்கு இறங்கும். அவர் மெல்லப் பேசத் தொடங்கினால் நாங்கள் நிமிர்ந்து நிற்போம்.

போட்டியின் உயிர் ஒரே ஒரு விதியில் இருந்தது. பாடுவது எந்தப் பாடசாலை என்று நடுவர்களுக்குத் தெரியக்கூடாது. நடுவர்கள் வேறு மாவட்டங்களில் இருந்து வருவார்கள். பின்வாசலால் கூட்டிவந்து முன்வரிசையில் இருத்துவோம். பிள்ளைகள் எல்லாருக்கும் வெள்ளைச் சீருடைதான், ஆனால் கழுத்துப்பட்டியும் சின்னமும் பாடசாலையைக் காட்டிக்கொடுத்துவிடும். காத்திருக்கும் அறையில் அவற்றைக் கழற்றிப் பையில் போட்டுக் கட்டி வைப்பது என் முதல் வேலை. பிறகு பிஸ்கட் ரின்னில் இருந்து குழுத்தலைவர் ஒரு இலக்கம் எடுப்பார். அந்த நேரத்தில் இருந்து அவர்களுக்குப் பெயர் கிடையாது, இலக்கம்தான். அவர்களின் முறை வரும்போது மேடைக் கதவைத் திறந்து விடுவேன். அடுத்த குழு கதவடியில் நிற்கும்வரை நான் அந்த இடத்தை விட்டு அசையக்கூடாது.

விதியை மீறினால் தகுதி நீக்கம். ஒருமுறை ஒரு பெரிய பாடசாலைக் குழுவின் தலைவி, பழக்க தோஷத்தில், "வணக்கம், நாங்கள்..." என்று பாடசாலைப் பெயரைச் சொல்லி மேடையில் கும்பிட்டுவிட்டாள். பாடி முடிக்கக் கைதட்டல் அதிர்ந்தது. நடுவர்கள் புள்ளி போடாமல் பேனையை மூடி வைத்தார்கள். பெரிய இடம் என்று பார்க்கவில்லை.

காத்திருக்கும் அறைக்கென்று மிஸ் ஒரு சட்டம் வைத்திருந்தார்: "அங்க நிக்கிற ஆளுக்குக் காதும் இல்லை, வாயும் இல்லை." தண்ணீர் கொடுக்கலாம், மலசலகூடத்துக்கு வழி காட்டலாம், அழுகிற பிள்ளைக்குக் கைக்குட்டை நீட்டலாம். பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லக்கூடாது. ஒரு குழுவுக்குச் சொல்கிற ஆலோசனை மற்றக் குழுக்களிடம் எடுக்கிற களவு என்பார்.

கப்பல்களுக்கும் ஒரு சட்டம் இருந்தது. மண்டபத்துக்கும் துறைமுகத்துக்கும் நடுவே ஒரு வீதிதான். ஒரு வருடம் ஒரு குழு மிக மென்மையான தாலாட்டு ஒன்றைப் பாடிக்கொண்டிருக்கையில் கப்பலொன்று ஊதியது. யன்னல் கண்ணாடி அதிர்ந்தது, பிள்ளைகள் தடுமாறினார்கள். மிஸ் கையை உயர்த்திப் பாட்டை நிறுத்தி, முதலில் இருந்து பாடச் சொன்னார். துறைமுகத்துக்கு அறிவித்து அந்தக் காலைக்கு ஊதாமல் இருக்கச் சொல்லலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். "கப்பலுக்கு எங்கட மண்டபத்தைத் தெரியாது. எங்களுக்குக் கப்பலைத் தெரியும். தெரிஞ்ச ஆக்கள்தான் விட்டுக்குடுக்க வேணும்" என்றார் மிஸ். கப்பல் ஊதினால் குழு விரும்பினால் மறுபடி தொடங்கலாம் என்பது அன்றிலிருந்து வழக்கமானது. எங்கள் நகரத்து வீதிகளில் திரிந்து பாடசாலை வாசலுக்கும் வரும் மான்களுக்கு மட்டும் சட்டம் ஒன்றும் எடுபடவில்லை. ஒருமுறை நடுவருக்குப் போட வைத்திருந்த மாலையையே ஒன்று தின்றுவிட்டுப் போனது.

இதெல்லாம் சின்னக் கதை. தர்சினிக்கு நான் சொல்ல வேண்டியது சங்குமுனைப் பிள்ளைகளின் கதை.

சங்குமுனை, சாம்பல்தீவையும் தாண்டி வடக்கே கடலோரத்தில் இருக்கிற சின்ன ஊர். கரைவலைதான் அங்கே பிழைப்பு. அந்த ஊர்ப் பாடசாலையில் சங்கீத ஆசிரியர் இல்லை. சுகந்தி டீச்சர் என்று ஒரு கணித ஆசிரியை, பாடத்தெரிந்த குற்றத்துக்காகச் சேர்ந்திசைக் குழுவைத் தலையில் சுமந்துகொண்டிருந்தார். ஒரு வருடம் போட்டி நாள் காலையில் பிள்ளைகளின் கழுத்துப்பட்டிகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தபோது என்னிடம் மனம் விட்டுக் கதைத்தார்.

"போன முறை நேரம் கூடினதெண்டு எங்களை நீக்கிப்போட்டினம் சேர். ஊரில ஒரே பகிடி. அதிபர் சொல்லிப்போட்டார், பரீட்சைக்குப் படிக்கிற நேரத்தைப் பாட்டு விழுங்குது, இந்த முறையும் வெறுங்கையோட வந்தா இனிப் பாட்டு வகுப்பே இல்லையெண்டு. ஒரு சான்றிதழ் காட்ட வேணும் சேர், எத்தினையாம் இடமெண்டாலும் பரவாயில்லை."

"எல்லாம் நல்லபடி நடக்கும்" என்றேன். அந்த அளவுக்கு எனக்கு அனுமதி இருந்தது.

ரின்னுக்குள் கையை விட்டு இலக்கம் எடுத்தவள் லக்சிகா என்ற பிள்ளை. ஒல்லியான பெட்டை, இரட்டைப் பின்னல், தனிக்குரலில் பாடுகிறவள். ஏழாம் இலக்கம் வந்தது.

நான்காம் குழு மேடையில் நின்றபோது ஏழாம் குழு மூலையில் கூடி மெல்லிய குரலில் பாடிப் பார்த்தது. சுகந்தி டீச்சரே எழுதிய பாட்டு அது. மற்றவர்கள் பாட்டைக் கேட்டால் மெட்டைக் கேட்பார்கள். எனக்கு மெட்டு விளங்காது, ஆகையால் சொல்தான் கேட்கும்.

கிழக்கு வெளுக்குது, கரைவலை இழுக்குது,
கை கொடு தோழி, கடலும் சிரிக்குது,
சங்குமுனை, எங்கள் சங்குமுனை!

கழுத்துப்பட்டியைக் கழற்றினோம், சின்னத்தைக் கழற்றினோம், பேருந்தைக்கூடப் பின்வளவில் மறைத்து நிறுத்தினோம். ஊரின் பெயர் பாட்டுக்குள் உட்கார்ந்திருந்தது. ஒருமுறை இரண்டுமுறை அல்ல, ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும். அந்தப் பெயரில் இருப்பது ஒரே ஒரு பாடசாலைதான்.

சுகந்தி டீச்சரைப் பார்த்தேன். கண்ணை மூடித் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். அவருக்கு அது ஊரின் பெயராகவே படவில்லை. மாதக்கணக்காகப் பாடிப் பாடி அது பாட்டின் ஒரு பகுதியாகிவிட்டது. கிட்டப் போய் ஒரு சொல் சொன்னால் போதும். வாயைத் திறந்தும்விட்டேன். பக்கத்தில் ஐந்தாம், ஆறாம் குழுக்களின் ஆசிரியர்கள் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவர்களுடைய பிள்ளைகளும் இதற்காகத்தான் பாடுபட்டிருந்தார்கள். "தண்ணி வேணுமோ?" என்று கேட்டுவிட்டுத் திரும்பினேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கேவலமாக நான் தண்ணீர் கொடுத்ததில்லை.

ஐந்தாம் குழுவைக் கதவடியில் நிறுத்தியதும் மிஸ்ஸிடம் ஓடினேன். விறாந்தையில் நின்று தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மிஸ், ஒரு குழுவின்ர பாட்டுக்குள்ள ஊர்ப் பெயர் வருது."

கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த இலக்கம் எண்டு எனக்குச் சொல்லாதீங்கோ."

"இல்லை மிஸ், அந்தப் பிள்ளையள்..."

"சொல்லாதீங்கோ எண்டனான்." குரல் இறங்கியிருந்தது. அவர் துறைமுகப் பக்கம் திரும்பினார். "ஒராளுக்குச் சொன்னா அது உதவி, சேர். எல்லாருக்கும் சொன்னா அது அறிவித்தல்" என்றார். என் தோளில் இருந்து மூட்டை இறங்கியது மாதிரி இருந்தது.

போட்டியைச் சற்று நிறுத்தினார். பாடி முடித்தவர்கள், பாட இருப்பவர்கள் எல்லாரையும் காத்திருக்கும் அறைக்குக் கூப்பிட்டார். விதியை வாசித்தார். வாசித்துவிட்டு, "பாட்டுக்குள்ள வாற பெயரும் பெயர்தான். ஊர்ப் பெயரெண்டாலும், பாடசாலையைக் காட்டிக்கொடுத்தா அது மீறல்தான்" என்றார். பாடி முடித்தவர்களில் யாருக்கும் அதனால் பாதிப்பில்லை என்று கேட்டுத் தெளிந்தும் கொண்டார்.

ஒரு ஆசிரியர் எழும்பினார். "நடுவில விதியை மாத்தலாமோ மிஸ்?"

"விதி மாறேல்லை. என்ர சத்தம்தான் கொஞ்சம் கூடினது" என்றார் மிஸ். அறையில் சிரிப்பு எழுந்தது. சுகந்தி டீச்சர் சிரிக்கவில்லை. முகம் வெளிறி, கை தாளத்திலேயே நின்றுவிட்டது.

பிறகு நடந்ததைப் பார்த்துக்கொண்டு நிற்பது பெரிய தண்டனை. "சங்குமுனை எண்டதுக்குப் பதிலா 'எங்கட ஊர்' எண்டு பாடுங்கோ" என்றார் டீச்சர். பாடினார்கள். பாதிப் பேர் புதுச் சொல்லைப் பாட, பாதிப் பேர் பழைய சொல்லைப் பாடினார்கள். மறுபடி பாடினார்கள். இந்த முறை சரியாகப் பாடியவர்கள்கூடப் பிழைவிட்டார்கள். ஒரு பிள்ளைக்குச் சிரிப்பு வந்தது, அதைப் பார்த்து இன்னொன்றுக்கு அழுகை வந்தது. டீச்சரின் கண்ணும் கலங்கிவிட்டது. "பழகின வாய், என்ன செய்யிறது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ஆறாம் குழு எழும்பிக் கதவடிக்குப் போனது.

லக்சிகாதான் சொன்னாள். "டீச்சர், வாயைத் திறந்தாத்தானே பிழை வரும்? அந்த இடத்தில வாயை மூடிக்கொண்டு பாடுவம்."

டீச்சர் அவளைப் பார்த்தார். பிறகு கையைக் காட்டினார். பிள்ளைகள் பாடினார்கள். பெயர் வரும் இடத்தில் எல்லா உதடுகளும் மூடின. ஒரு முனகல் மட்டும் மூக்கால் வந்தது. ஒருவரும் பிழைவிடவில்லை. இன்னொருமுறை பாடினார்கள். அப்போதும் பிழை வரவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போலிருந்தது. காதும் வாயும் இல்லாதவனுக்குக் கை இருக்கலாமா என்று தெரியாததால் சும்மா நின்றேன்.

"ஏழாம் இலக்கம்" என்று கதவைத் திறந்துவிட்டேன். வரிசையாக மேடையேறினார்கள். பெரிய பாரம் இறங்கிய நிம்மதியோடு மண்டபத்தை எட்டிப் பார்த்தேன். பின்வரிசைகளைக் கண்டதும் அந்த நிம்மதி பறந்துவிட்டது.

சங்குமுனைத் தாய்மார் அங்கே நிறைந்திருந்தார்கள். பிள்ளைகளோடு அதே பேருந்தில் வந்தவர்கள். பாட்டுத் தொடங்கியதும் அவர்களுடைய உதடுகளும் அசையத் தொடங்கின. வீட்டிலும் கடற்கரையிலும் பிள்ளைகள் மாதக்கணக்காகப் பாடிய பாட்டு அவர்களுக்கும் மனப்பாடம். அறிவித்தல் கொடுத்தது குழுக்களுக்கு. தாய்மாருக்கு யார் சொன்னது? பிள்ளைகள் வாயை மூடுகிற இடத்தில், மறந்துவிட்டார்கள் என்று நினைத்து அவர்கள் எடுத்துக்கொடுப்பார்கள். எந்தத் தாய்தான் எடுத்துக்கொடுக்க மாட்டாள்?

எட்டாம் குழு இன்னும் கதவடிக்கு வரவில்லை. நான் அசைய ஏலாது. நடுவர்களுக்குப் பக்கத்தில் சுவரோடு நின்ற மிஸ்ஸைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். நான் மறுபடி பின்வரிசையைப் பார்க்க, அவரும் திரும்பி அந்த உதடுகளைக் கண்டார். அவர் அவசரப்படவில்லை. சுவரில் சாத்தியிருந்த 'அமைதி' என்று எழுதிய பலகையை எடுத்தார். பார்வையாளர் இரைந்தால் தூக்கிக் காட்டும் பலகை அது, யாருக்கும் காட்டலாம். சுவர் ஓரமாகப் பின்வரிசைக்கு நடந்துபோய், தாய்மாருக்கு நேரே அதை நெஞ்சளவுக்குத் தூக்கிக்கொண்டு நின்றார்.

முதல் சரணம் முடிந்தது. பிள்ளைகளின் உதடுகள் மூடின. பின்வரிசையில் ஒரு தாய் "ச..." என்று தொடங்கினாள். பலகை கண்ணில் பட்டதும் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் அவளுக்கு விலாவில் ஒன்று கொடுத்தாள். பிறகு ஒருவர் மாறி ஒருவராக வரிசை முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டது. ஏனென்று அவர்களுக்குத் தெரியாது. மிஸ்ஸின் முகத்தைப் பார்த்தால் காரணம் கேட்கத் தோன்றாது, அவ்வளவுதான்.

இரண்டாவது முறையும் நல்லபடி கடந்தது. கடைசிச் சரணம்தான் பொல்லாதது. அதில் லக்சிகா தனிக்குரலில் உச்சத்துக்குப் போய் அங்கிருந்துதான் பெயருக்கு வரவேண்டும். அவள் கழுத்து நரம்பு புடைத்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது. அப்படியே அந்தச் சொல்லுக்குள் விழப்போகிறாள் என்று நினைத்தேன். கதவின் பிடியை நான் பிடித்த பிடியில் அது கழன்று வந்திருக்கும். அவள் மூச்சை விழுங்கி உதட்டை மூடினாள். குழு முழுவதும் அவளோடு மூடியது. மண்டபத்தில் அந்த முனகல் மட்டும் இருந்தது. பிறகு அதுவும் முடிந்தது.

அவர்கள் நன்றாகப் பாடினார்களா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பெயர் வரும் இடத்தில் வாயைத் திறக்கவில்லை என்பது மட்டும் தெரியும். வியர்வையில் என் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. நடுவர்கள் குனிந்து புள்ளி எழுதிக்கொண்டிருந்தார்கள். பேனை ஓடிக்கொண்டிருந்ததைப் பார்த்தபோது எனக்கு அழுகை வந்துவிட்டது. சந்தோசத்தில்தான்.

மிஸ் பலகையைப் பழைய இடத்தில் சாத்திவிட்டு என் பக்கம் வந்தார். "சேர், எட்டாம் இலக்கத்தைக் கூப்பிடுங்கோ" என்றார். அதைத் தவிர அன்று அதைப் பற்றி ஒரு கதையும் இல்லை.

மத்தியானம் முடிவு சொன்னார்கள். மூன்றாம் இடத்தில் இருந்து தொடங்குவது வழக்கம். இலக்கத்தை மட்டும் சொல்வார்கள். அந்தக் குழுவின் பிள்ளையொன்று மேடைக்கு வந்து ஒலிவாங்கியில் தன் பாடசாலையின் பெயரைச் சொல்ல வேண்டும். பெயருக்கு விடுதலை கிடைப்பது அந்த நேரத்தில்தான்.

"மூன்றாம் இடம், ஏழாம் இலக்கம்" என்றார் மிஸ்.

சுகந்தி டீச்சர் கதிரையில் இருந்து எழும்பவில்லை. இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். மூன்றாம் இடம் என்றால் மாகாணப் போட்டிக்குப் போக முடியாது, ஆனால் சான்றிதழ் உண்டு. அந்த அதிபரின் மேசையில் வைக்க அது போதும். அடுத்த வருடமும் அந்தப் பிள்ளைகள் பாடலாம். நான் நீளமாக மூச்சு விட்டேன். காலையில் இருந்து மூச்சே விடவில்லை போலிருந்தது.

லக்சிகா மேடையேறினாள். ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றவள் வாயைத் திறக்கவில்லை. திரும்பி மிஸ்ஸைப் பார்த்தாள். உண்மையான பயத்தோடு கேட்டாள். அந்தக் கேள்வி மண்டபம் முழுக்கக் கேட்டது.

"மிஸ், இப்ப சொல்லலாமோ?"

இன்பராணி மிஸ் சிரித்து நான் கண்டது அந்த ஒருநாள்தான்.

"ஓம் பிள்ளை, இனிச் சொல்லலாம். சத்தமாச் சொல்லு."

அவள் மூச்சை இழுத்து வாயைத் திறக்க முதலே பின்வரிசை முழுவதும் எழும்பிவிட்டது.